எட்டு சிலிண்டர் காரும் என் மூக்கும்

அந்தக் காரைத் தான் வாங்கவில்லை என்றுதான் என் வீட்டுக்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். "குடுத்தாக, எடுத்துட்டு வந்தேன்" என்பார். போடிமெட்டைத் தாண்டி ஓர் எஸ்டேட்டின் பங்களாவை மூடிக்கொண்டு கிளம்பிய முதலாளி, தொழுவத்தில் ஒரு கார் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்றாராம். மாட்டுக்கு இடம் கிடைத்தால் போதும் என்று அவர் நினைத்திருப்பார். இவரோ தனக்கு யோகம் அடித்துவிட்டதாக நினைத்தார்.

அமெரிக்காக் கார். எட்டு சிலிண்டர். கதவு இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் பூசையறைக் கதவைவிட நீளம். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. மலையில் பத்து வருசம் மழையிலும் மூடுபனியிலும் கிடந்ததில் துரு ஏறி, என்ன நிறமென்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். உள்ளே உட்கார்ந்து குனிந்து பார்த்தால் தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, தொழுவத்தின் தரை. சீட்டுக்குள் இருந்த நாரையெல்லாம் எலி கொண்டுபோயிருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு ஜீப்புகூடக் கிடையாது. இவருக்கு சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரியாது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று நான் சொன்னேன். "மெக்கானிக் இருக்கான்ல" என்றார்.

மெக்கானிக் என்றால் போடியில் லாரி ஷெட் வைத்திருந்த இவருடைய கூட்டாளி. என்னை மதினி என்று கூப்பிடுவார். அவரும் இவரும் போய்த்தான் காரை மலையிலிருந்து இறக்கினார்கள். இஞ்சின் ஓடாது, பிரேக் பிடிக்காது. வாடகை ஜீப்பு ஒன்றைப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டி, அதுதான் பிரேக் என்று முடிவு செய்தார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் கார் முன்னால் இறங்க, ஜீப்பு பின்னாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது. எதிரே ஆள் ஏற்றி வந்த ஜீப்புக்காரர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். பிணம் வருகிறதென்று ஒருத்தர் செருப்பைக் கழற்றினாராம். காலையில் கிளம்பியவர்கள் பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தார்கள். சும்மா வந்த காரை இறக்கிக் கொண்டுவந்த செலவைக் கேட்டதற்குச் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மெக்கானிக்கே சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காரணம், அவர்கள் அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் என் கொட்டகை.

அதைச் சொல்லவேண்டும். மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலக்காடும், காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றும் இருந்தன. என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தவை. ஸ்டோர் என்றால் ஓர் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு குழாய் வழியாக உள்ளே போகும். மேலே மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்த தட்டுகள் அடுக்கியிருக்கும், அதில் பச்சைக் காய் பரப்பிக் கதவைச் சாத்திவிடவேண்டும். காய்ந்த காயைப் போடிக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஆறு பெண்கள் சுளகில் வைத்துப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள்.

உலர்த்துவது மட்டும் என் சோலி. வேறு யாரையும் விடமாட்டேன். சூடு கூடினால் காய் வெடிக்கும், நிறம் போகும். குறைந்தால் உள்ளே ஈரம் நிற்கும். எனக்கு அதற்கு மூக்குதான். முதலில் பச்சிலை வாசனை வரும், பிறகு ஏதோ வேகிற வாசனை, அப்புறம் ஒரு நேரத்தில் இனிப்பாக ஒரு வாசனை கதவிடுக்கில் வரும். அது வந்ததும் விறகை இழுத்துவிடவேண்டும். போடியில் பெரிய வியாபாரிகள் எங்கள் காயை மணத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்தம்மா காய் என்பார்களாம். இவர் காய் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கென்று ஊரில் இருந்த பேர் அது ஒன்றுதான். வேறு எதுவும் எனக்கு வேண்டியும் இருக்கவில்லை.

ஏலக்கூடத்தில் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று இருப்பதாக இவர் வந்து சொல்வார். சாம்பிள் காயைத் தட்டில் போட்டுச் சுற்றுக்கு விடுவார்கள். வியாபாரி நாலு காயை எடுத்துப் பார்ப்பார், முகர்வார், ஒன்றைக் கடிப்பார், மிச்சத்தைத் தரையில் எறிந்துவிட்டு விலை கேட்பார். ஏலம் முடியும்போது தரையெல்லாம் காயாகக் கிடக்குமாம். நான் கண் எரிய உலர்த்தியதைக் காலில் மிதிக்கிறார்களா என்று கேட்டு இவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். நானா எறியிறேன் என்பார்.

எட்டு மாதம் அந்தக் கொட்டகையில் பாதியைக் கார் பிடித்துக்கொண்டது. பொறுக்குகிற பெண்கள் மீதிப் பாதியில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் மூத்தவள் ஒருத்தி சுளகோடு காரின் பின் பக்கத்துக்குள் ஏறி, ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பொறுக்கினாள். "வெயில் படாம நல்லாத்தான் இருக்கு தாயி" என்றாள். அந்தக் காரில் முதலில் உட்கார்ந்து வேலை பார்த்த ஆள் அவள்தான்.

ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்திக் காருக்குத் தரை வைத்தார்கள். கண்ணாடி ஓரத்துக்கு ரப்பர் கிடைக்கவில்லை, சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டினார்கள். இஞ்சினில் நாலு சிலிண்டர் இறுகிக் கிடந்தது. கொண்டைக்கடலையை ஊறப்போடுகிற மாதிரி மண்ணெண்ணெய் ஊற்றிப் பதினைந்து நாள் ஊறப்போட்டார்கள். மதுரையில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார் இவர். பிரேக்கு முதற்கொண்டு, சாமான் கிடைக்காததையெல்லாம் கடைசல்காரனிடம் கொடுத்துச் செய்து வாங்கினார். ஒரு நாள் இஞ்சின் ஓடியது. அந்தச் சத்தத்தில் ஆறு பெண்களும் சுளகைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். மூன்று தரத்துக் காயும் ஒன்றாகக் கலந்துவிட்டது. இவரும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து காயை அள்ளிக்கொண்டிருந்தேன்.

பெயிண்டில்தான் வினை வந்தது. கருஞ்சிவப்பு என்று முடிவு செய்து அடித்தார்கள். கொட்டகையில் காய் புடைக்கும்போது காம்பும் தோலும் பறக்கும், அதெல்லாம் ஈரப் பெயிண்டில் போய் ஒட்டியது. சுரண்டிவிட்டு மறுபடியும் அடித்தார்கள், மறுபடியும் ஒட்டியது. மூன்றாவது தடவை பெண்களுக்கு இரண்டு நாள் லீவு விட்டு அடித்தார்கள். அன்றைக்கென்று காற்று அடித்து, கூரைக்குள் இத்தனை வருசமாகச் சேர்ந்திருந்த தூசியைக் கொட்டியது. பெரிய ஊர்களில் சூடான அறை கட்டி அதற்குள் வைத்துக் காயவைப்பார்கள், தூசி படாது, பளபளப்பும் வரும், நமக்கு எங்கே அதெல்லாம் என்றார் மெக்கானிக்.

இவர் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பேசினால் எனக்குக் கோபம் வரும், பேசாமல் இருந்தால் பயம் வரும். அன்றைக்குப் பயந்திருக்கவேண்டும். ராசிங்காபுரத்தில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, அந்த நினைப்பில் இருந்துவிட்டேன். எட்டு நாள் அங்கே போய்விட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இரண்டு கதவும் பானெட்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. என் முகம் தெரிந்தது, நெற்றிப் பொட்டு கோணலாக இருந்தது தெரிந்தது, அதைச் சரிசெய்துகொண்டேன். "நல்லாருக்கு" என்று சொன்னேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கே வைத்துக் காயவைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான் அதை மட்டும் கேட்காமல் விட்டேன்.

ஏலக்காட்டில் ஒரு சுத்து காய் எடுத்தால் அடுத்த சுத்துக்கு நாற்பது நாள் ஆகும். நடுவில் ஸ்டோர் சும்மா கிடக்கும். நான் மலைக்குப் போய் அடுத்த சுத்துக் காயை எப்போதும் போல உலர்த்தினேன். பச்சிலை வாசனை, வேகிற வாசனை, பிறகு இனிப்பு வாசனை. விறகை இழுத்தேன். போடிக்குக் கொண்டுவந்தோம், பொறுக்கினோம், முதல் தரம் இரண்டு மூட்டை ஏலத்துக்குப் போனது.

மூட்டையும் இவரும் சேர்ந்தே திரும்பி வந்தார்கள். காப்பி போடப் போனவளை, இங்க வா, உக்காரு என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னதே கிடையாது.

எங்கள் காயை வழக்கமாக எடுக்கிற பெரியவர் ஒருத்தர், வெள்ளைச் சட்டை, காதில் கடுக்கன், அன்றைக்கு நாலு காயை எடுத்தாராம். முகர்ந்தாராம். கடிக்கவில்லை. தரையிலும் எறியவில்லை. எடுத்த நாலையும் திருப்பித் தட்டிலேயே வைத்துவிட்டு, "அப்பு, அந்தம்மா வீட்டுல பெயிண்ட் கியிண்டு அடிச்சாகளா?" என்று கேட்டாராம். தட்டு அடுத்த ஆளிடம் போயிற்று. அவரும் முகர்ந்துவிட்டுத் திருப்பி வைத்தார். கூடம் முழுக்கச் சுற்றி வந்த தட்டில் போட்ட காய் போட்டபடி இருந்ததாம்.

பிறகு மீதியையும் இவரே சொன்னார். நான் ராசிங்காபுரத்தில் இருந்தபோது கதவையும் பானெட்டையும் மலைக்கு ஏற்றிக்கொண்டுபோய், என் ஸ்டோரில், என் தட்டுகளின் மேலே படுக்கப்போட்டு, அடுப்பு மூட்டி மூன்று நாள் காயவைத்திருக்கிறார்கள். "சும்மாதான கெடக்குன்னு நெனச்சேன்" என்றார்.

நான் கத்தவில்லை. அது அவருக்கும் தெரிந்தது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவர் செய்தது புத்தி கெட்ட வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு வலித்தது வேறு. அந்தக் காயை நான் உலர்த்தினேன், கொட்டினேன், மூட்டை கட்டினேன். எனக்கு அந்தப் பெயிண்ட் வாசனை தெரியவில்லை. எட்டு மாதம் பெயிண்டுக்கும் தின்னருக்கும் தாருக்கும் நடுவில் இருந்து என் மூக்கு அதை நல்ல வாசனை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. மூட்டையை அவிழ்த்து மறுபடி முகர்ந்தேன். ஏலக்காய் மணம்தான் வந்தது. பொறுக்குகிற ஆறு பேரையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன். நல்லாத்தான் இருக்கு தாயி என்றார்கள். அவர்களும் அதே கொட்டகையில்தான் இருந்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன்.

அந்த இரண்டு மூட்டையை வேறு ஊருக்கு அனுப்பி விற்கலாம் என்று இவர் சொல்லவில்லை. அதற்காக இன்னமும் அவரை மதிக்கிறேன். எரிக்கப்போகிறேன் என்றேன். நாலு நாள் கழித்து, எரிக்கத்தானே போறே, சீட்டுக்கு நார் இல்லை என்றார். எலி தின்ற சீட்டுக்குள் அந்த இரண்டு மூட்டைக் காயையும் போட்டுத் தைத்துவிட்டார்கள்.

அடுத்த சுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. காய் பழுத்தால் காத்திருக்காது, அணில் தின்னும், எலி தின்னும். பக்கத்துக் காட்டு ஸ்டோர்களில் அவர்கள் காய்க்கே இடம் இல்லை. அந்தச் சுத்தும் நாறினால், அந்தம்மா காய் என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஸ்டோரில் எங்கே வாடை இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. என்னுடையது உதவாது, வீட்டில் யாருடையதும் உதவாது.

போடிமெட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரரைக் கூட்டிப்போனேன். அவர் உள்ளே நுழைந்ததுமே, "இது பெயிண்டாணல்லோ சேச்சி" என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஊரில் ஒரு மூக்காவது வேலை செய்கிறதே என்று. சுவரை முகரச் சொன்னேன், இல்லை என்றார். குழாயை முகர்ந்தார், இல்லை. தட்டில் மூக்கை வைத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரச்சட்டத்திலும் கம்பி வலையிலும் முழுக்க வாடை பிடித்திருந்தது. எல்லாத் தட்டையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும். இவர் அன்றைக்கே மதுரைக்குப் போய்க் கம்பி வலை சுருள் சுருளாக வாங்கி வந்தார்.

வலை போடியில் கிடந்தது, ஸ்டோர் மலையில் இருந்தது. காய் எடுக்கிற நேரம், ஜீப்புகள் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடின. நாலு நாள் ஆகும் அண்ணே, லோடு ஏத்த வண்டி இல்லை என்றார்கள். லாரியைக் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். இவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழுந்து பல் விளக்கும் முன் பழைய வேட்டியால் அதைத் துடைப்பவர். ஈ உட்கார்ந்தால் விரட்டுவார்.

"கொண்டா, அந்தச் சுருள" என்றார் மெக்கானிக்கிடம்.

டிக்கியில் பாதி ஏற்றினார்கள். சட்டத்துக்கான மர ரீப்பர்களைக் கண்ணாடி வழியாக உள்ளே செருகினார்கள். மிச்சச் சுருளையெல்லாம் கூரைமேல் போட்டுக் கயிறால் கட்டினார்கள். கோணிச் சாக்கு விரிக்கலாமே என்றேன். "வழுக்கும். வெரசா ஏறு" என்றார். வலையின் வெட்டு முனையெல்லாம் பெயிண்டில் குத்திக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் இவர் அங்கே உட்கார்ந்து ஓட்ட, நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். போடித் தெருவில் போகும்போது ஆட்கள் நின்று பார்த்தார்கள். காரைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வழக்கமாக டிரைவர் இருக்கிற பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டு, நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். இவர் ரீப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குத் தலையை ஆட்டினேன்.

சீட்டு, வளைவுக்கு வளைவு நொறுங்கியது. காய் உடைகிற சத்தம் எனக்குத் தெரியாதா. முதல் தர ஏலக்காயின் மேல் உட்கார்ந்து மலை ஏறியது எங்களைத் தவிர யாராக இருக்க முடியும். கார் நன்றாகவே ஏறியது என்று சொல்லவேண்டும். எட்டு சிலிண்டருக்கும் அன்றைக்குத்தான் வேலை கொடுத்தோம். மூன்று இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது, மூன்று இடத்திலும் ஓடைத் தண்ணீர் இருந்தது. ஆள் ஏற்றிய ஜீப்பு ஒன்றை இவர் ஏற்றத்தில் முந்தினார். அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பாருங்க என்றேன்.

ஸ்டோர் வாசலில் சுருளை உருட்டி இறக்கியபோது கூரையிலிருந்து பானெட் வரை ஒரே கீறல். என் முகம் தெரிந்த கதவில் ஏழெட்டுக் கோடு விழுந்திருந்தது. இவர் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்தார். "ம். பழைய தட்ட எறக்கு" என்றார். பிறகு அந்தக் காருக்கு அவர் பெயிண்ட் அடிக்கவே இல்லை. அடிக்கவில்லையா என்று யாராவது கேட்டால், எங்க காயவைக்கிறது என்பார்.

பத்து நாள் மலையிலேயே இருந்தோம். பழைய தட்டு எல்லாம் விறகாயின. புதுத் தட்டை வைத்து, காயே இல்லாமல் இரண்டு நாள் அடுப்பு எரித்தோம். பிறகு காயைப் பரப்பினேன். இனிப்பு வாசனை வந்தது. இந்த மூக்கை நம்பலாமா என்று தெரியவில்லை. ஒரு கைப்பிடியை டீக்கடைக்குக் கொடுத்து, வருகிறவர்களுக்கு எதுவும் சொல்லாமல் டீயில் தட்டிப் போடச் சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஜீப்பில் வந்த பதினெட்டுப் பேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்தார்கள். ஒருத்தர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார், நான் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன். ஈ விழுந்திருந்தது.

ஏலத்துக்கு நானே வருகிறேன் என்றேன். பொம்பளைகள் வருவதில்லை என்று இவர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கீறல் விழுந்த காரிலேயே போனோம். நான் வலப்பக்கமாக இறங்கினேன். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கார் ஓட்டி வந்த பொம்பளையிடம் இங்கே ஏன் வந்தாய் என்று யார் கேட்பார்கள். நானும் ஓட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வரிசை வரிசையாக வியாபாரிகள், கையில் தட்டு. தரையெல்லாம் காய். எங்கள் தட்டு வந்தது. கடுக்கன் போட்ட பெரியவர் நாலு காயை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆள் நிறைந்த இடத்தில். பெரியவர் ஒன்றைக் கடித்தார். மென்றார். பிறகு மிச்சம் மூன்றையும் தரையில் எறிந்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கத் துடைக்க வந்தது. இவர் என் பக்கம் குனிந்து, "அழுவாத புள்ள, எல்லாரு காயையும் அப்பிடித்தான் எறிவாக" என்றார்.

தட்டு அடுத்தவரிடம் போயிருந்தது. அவர் எறிகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.